கருப்பு வீட்டுக்குள் வந்த காலம்

பார்வையாளன் என்று ஒருவன் நம் நாட்டார் மரபில் இருந்தானா என்பது எனக்கு வெகுநாளாக உள்ள சந்தேகம். கேட்கிறவன் இருந்தான். கூடியிருப்பவன் இருந்தான். சாமி வந்து ஆடுகிறவன் இருந்தான். ஒதுங்கி உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிடித்தது, பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லி எழுந்து போகிறவன் பின்னால் வந்தவன். தியேட்டர் பாதி, டெலிவிஷன் பாதியாக இவனைத் தயாரித்தன. எங்கள் சரவணம்பட்டிப் பக்கத்தில் இந்தத் தயாரிப்பு எப்போது பூர்த்தியாயிற்று என்று யாராவது கேட்டால் 1997-98 என்று சொல்வேன். சன் டி.வி.யில் 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' வந்துகொண்டிருந்த சமயம் அது.

தொடரைப் பற்றிய தகவல்கள் பலருக்கும் தெரிந்தவைதான். எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன். இயக்கம் நாகா. கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரிப்பு. முதலில் வந்த 'ரகசியம்' சித்தர் கோயில், நவபாஷாண லிங்கம் என்று போயிற்று. அது படித்தவர்களின் மர்மம். இரண்டாவதாக வந்த 'விடாது கருப்பு' கிராமத்துக் காவல் தெய்வத்தைப் பிடித்துக்கொண்டது. இதற்கு மூலமான நாவலின் பெயர் 'விட்டுவிடு கருப்பா'. நாவலின் பெயரில் ஒரு மனிதக் குரல் இருக்கிறது, கெஞ்சுகிற குரல். தொடரின் பெயரில் அந்தக் குரல் போய், தீர்ப்பு மாதிரி ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. யார் இந்த மாற்றத்தைச் செய்தார்களோ, அவர்களுக்கு டெலிவிஷன் என்ற சாதனம் புரிந்திருக்கிறது. கெஞ்சுகிறவனோடு நாம் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கும். தீர்ப்பை வேடிக்கை பார்க்கலாம்.

அதற்கு முன்னால் எங்கள் பக்கத்து ஜனங்கள் அமானுஷ்யத்தை எப்படி எதிர்கொண்டார்கள் என்று பார்க்க வேண்டும். கொங்கு நாட்டில் இதற்குப் பெரிய சாட்சி அண்ணன்மார் கதை. உடுக்கடித்துப் பாடுகிற பாட்டு. ஒருவர் உடுக்கையோடு முன்னால் பாட, இன்னொருவர் பின்பாட்டு. பல இரவுகள் போகும். குன்னுடையாக் கவுண்டர், தாமரை நாச்சியார், பிள்ளை இல்லாக் குறை, தவம், பொன்னர், சங்கர், தங்காள், கூடவே நிற்கிற சாம்புகன், கொம்பன் என்ற காட்டுப்பன்றி, வேடர்களோடு சண்டை. கடைசியில் அண்ணன்மார் தங்கள் வாளிலேயே விழுந்து சாகிறார்கள். தங்காள் காடெல்லாம் தேடி வந்து அவர்களை எழுப்புகிறாள். கொஞ்ச நேரம் எழுந்து பேசிவிட்டு மறுபடி சாய்ந்துவிடுகிறார்கள்.

இந்தச் சாவு பாடப்படும் இடத்தில் கூட்டத்தில் சிலர் விழுவார்கள். படுகளம் விழுவது என்று பெயர். மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழாவில் இது பெரிய அளவில் நடப்பது. கொங்குக் கிராமங்களில் சின்ன அளவில், கோயில் வாசலில், பாட்டின் நடுவிலேயே நடக்கும். விழுந்தவர்களை வரிசையாகக் கிடத்தித் துணி போர்த்துவார்கள். தங்காளாக நிற்கும் பெண் தீர்த்தம் தெளித்து எழுப்புவாள். எழுப்பாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. போகவும் முடியாது; கிடப்பவன் அண்ணனோ மச்சானோ அல்லவா?

எதிர்வினை என்ற வார்த்தை இங்கே பொருந்தவில்லை. விழுகிறவன் கதைக்கு எதிரில் இல்லை, அதற்குள் இருக்கிறான். அவனை எழுப்புவதும் கதையின் ஒரு பாகம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த இரவில் மேலோங்கி நிற்கிற உணர்ச்சி பயம் இல்லை, துக்கம். பெண்கள் ஒப்பாரி வைப்பதுபோல் அழுவதை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். தெய்வமாகிவிட்ட இரண்டு பேருக்காக, செத்துப்போன சொந்தக்காரருக்கு அழுவதுபோல அழுவார்கள்.

நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்திற்காகப் பதிப்பித்த கதைப்பாடல்களைப் புரட்டினாலும் இதுவே தெரிகிறது. முத்துப்பட்டன், காத்தவராயன் எல்லோரும் அகாலமாகச் செத்தவர்கள் அல்லது கொல்லப்பட்டவர்கள். கொன்ற ஊரே பிறகு கும்பிடுகிறது. நம் நாட்டார் தெய்வங்களில் பாதிக்குமேல் ஊரின் குற்ற உணர்விலிருந்து பிறந்தவை என்று சொன்னால் அதிகப்படி ஆகாது. அமானுஷ்யம் என்பது இங்கே செத்தவன் வைத்துவிட்டுப் போன வழக்கு.

கானடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965ல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி இந்தக் கதையை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தார். 'மூன்று இரட்டையர்' என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய ஆங்கில நூல் 1982ல் வந்தது. ஒரே பாடகர் கூட்டத்தின் முன் பாடியதையும், கூட்டம் இல்லாமல் எழுதிக்கொள்வதற்காகச் சொன்னதையும் அவர் வைத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நமக்கு முக்கியம். கூட்டத்தை எடுத்துவிட்டால் கதை ஒழுங்காகிறது, சுருங்குகிறது. ஆக, கேட்கிறவர்களும் அந்தப் பாட்டின் ஆசிரியர்களில் சேர்த்தி. நம் இலக்கிய விமர்சகர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தால் 'வாசகப் பங்கேற்பு' பற்றி மேற்கிலிருந்து கடன் வாங்கி எழுதிய கட்டுரைகளில் பாதி மிச்சமாகியிருக்கும். அது கிடக்கட்டும்.

சினிமா வந்தபோது இது ஒரேயடியாக அறுந்துவிடவில்லை. கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் து பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி டென்ட் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். அவர் கையில் இருந்த படங்களில் ஏசுவின் வாழ்க்கையும் ஒன்று. 1914ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். தியேட்டர் என்பது இருட்டு, கூட்டம், பெரும் சத்தம் — மூன்றும் கோயில் வாசலுக்கு அந்நியமில்லை. அதனால்தான் 1971ல் 'ஆதிபராசக்தி'யின்போதும், 1995ல் தெலுங்கிலிருந்து வந்த 'அம்மன்' படத்தின்போதும் தியேட்டரில் பெண்களுக்கு அருள் வந்தது. வேப்பிலையும் திருநீறும் வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். தியேட்டர்காரர்கள் பூசாரி வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 1987-88ல் தூர்தர்ஷனில் 'ராமாயண்' வந்தபோதுகூட டி.வி. பெட்டிக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றிய வீடுகள் நாடெங்கும் உண்டு. அதுவும் சாமியை எதிர்கொள்ளத் தெரிந்தவர்களின் காரியம்தான். ராமன் வீட்டுக்குள் வரக்கூடிய தெய்வம். படமாக ஏற்கெனவே சுவரில் இருப்பவர்.

கருப்பு அப்படியில்லை. எங்கள் பக்கத்தில் கருப்பராயன் என்போம். தோட்டத்து வரப்போரம், கிணற்று மேட்டில், கன்னிமாருக்குப் பக்கத்தில், ஊர் எல்லையில் நிற்கிறவர். கிடா வெட்டிப் பொங்கல் வைத்தால் அங்கேயே சமைத்துத் தின்றுவிட்டு வருவதுதான் பெரும்பாலும் வழக்கம். வீட்டுப் பூஜை அறையில் அவர் படம் வைக்கிறவர்கள் குறைவு. அவரை வெளியில் நிறுத்தியதில் சாதி ரீதியான காரணங்கள் உண்டு, பயமும் உண்டு, மரியாதையும் உண்டு. மூன்றையும் பிரிக்க முடியாது. அந்த எல்லைச் சாமியைத்தான் வாரம் ஒரு ராத்திரி, சாப்பாட்டு நேரத்தை ஒட்டி, முன்னறைக்குள் குதிரையோடு கொண்டுவந்து விட்டார்கள்.

அப்போது சத்தி ரோட்டை ஒட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தேன். எட்டு வீட்டில் மூன்று வீட்டில் டி.வி., கேபிள் இணைப்பு. மற்றவர்கள் அங்கே வந்து உட்கார்வார்கள். சினிமாக் கூட்டமில்லை, பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் தெரிந்தவர்கள். குளம்படிச் சத்தம் கேட்டால் பேச்சு நிற்கும். ஆனால் யாருக்கும் அருள் வந்து நான் பார்க்கவில்லை. அந்த வரிசையில் மாரியம்மன் நோன்பில் தவறாமல் ஆடுகிற ஒரு அம்மா இருந்தார். அவரும் சுண்டல் தின்றுகொண்டே பார்த்தார். ஒருமுறை கேட்டேன். "டி.வி. சாமி யாரு மேலீங்க வரும், அது பாட்டுக்கு விளம்பரத்துக்குப் போயிருது" என்றார். தொடர்பியல் படித்த யாரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேட்கவில்லை. இதே அம்மா, பார்த்து முடித்துப் பிள்ளைகள் இருட்டில் தங்கள் வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொன்றின் நெற்றியிலும் திருநீறு வைத்து அனுப்புவார். படுகளத்தில் தீர்த்தம் தெளிப்பதன் மிச்சம் அது. அந்த எட்டு வீட்டில் அவர் ஒருவருக்குத்தான், எழுப்பாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்ற ஞாபகம் இருந்தது.

ஏனென்றால் தொடர் எழுப்பவில்லை. கொலை நடக்கும், அருவாள் தெரியும், குதிரை ஓடும், 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள். உடுக்கைப் பாட்டுக்காரருக்கும் அடுத்த இரவு உண்டு. ஆனால் அவர் விழுந்தவனை எழுப்பிவிட்டு உடுக்கையைக் கீழே வைப்பார். டெலிவிஷனில் பயத்தின் உச்சிதான் நிறுத்தும் இடம். ஏழு நாள் அந்தப் பயத்தை நாமே வைத்துப் பராமரிக்க வேண்டும். ஜனங்கள் அதை எப்படிப் பராமரித்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். பம்ப் பட்டறையில், பேக்கரியில், பஸ் ஸ்டாப்பில் பேச்சு ஒன்றே: யார் கருப்பு? டாக்டரா, பேரனா, பூசாரியா? பந்தயம் கட்டினார்கள். தெய்வம் சந்தேக நபர் ஆயிற்று. துப்பறியும் நாவலின் பழக்கம் — ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூராரும் தொடங்கிவைத்தது — ஊர் எல்லையைக் கடந்து கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்த தருணம் இது. கருப்பராயன் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்து வழக்குத் தீர்த்துக்கொண்ட ஊர்கள் இவை. அங்கே சாமி நீதிபதி. இங்கே குற்றவாளிக் கூண்டில்.

கடைசியில் மனநோய் விளக்கம் வந்தது: பிளவுண்ட ஆளுமை. கூடவே கருப்புக்கும் கொஞ்சம் இடம் விட்டுவைத்தார்கள். இதை இரண்டு படகில் கால் வைத்த கோழைத்தனம் என்று என் நண்பர்கள் சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1990களின் தமிழ் மனதே அப்படித்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் போகும், குறியும் கேட்கும். தொடர் அதில் பொய் சொல்லவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. அத்தனை வாரத்திலும் செத்தவர்களுக்காக எங்கள் லைன் வீட்டில் யாரும் அழவில்லை. அழுவதற்குத் தொடர் இடம் வைக்கவில்லை. ஒவ்வொரு பிணமும் அடுத்த துப்புத்தான். நாட்டார் கதையிலிருந்து பயத்தை எடுத்துக்கொண்டார்கள், துக்கத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள். துக்கம் போனால் வழக்கும் போய்விடுகிறது: யார் யாரைக் கொன்றார்கள், ஏன் கும்பிடுகிறோம் என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் டி.வி. வைத்திருந்த வீடுகளிலும் இருந்தார்கள்.

இங்கிலாந்தில் 1992 அக்டோபர் 31 இரவு பி.பி.சி. ஒரு வீட்டில் பேய் இருப்பதாக 'நேரடி' ஒளிபரப்புப்போல் ஒரு நாடகத்தைக் காட்டியது. நிஜமென்று நம்பிப் பதறியவர்கள் ஏராளம். கோபம் கிளம்பி, பி.பி.சி. அதை மறுபடி ஒளிபரப்பவேயில்லை. பொய்யை நிஜமென்று காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவர்களுடைய புகார். எங்கள் லைன் வீட்டில் புகார் தலைகீழாக இருந்தது: கடைசியில் மனுஷன் செய்தது என்று சொல்லிவிட்டார்களே என்ற ஏமாற்றம். ஆனால் அந்த ஏமாற்றத்தையும் கதை முடிவு சரியில்லை என்றுதான் சொன்னார்கள், சாமி குற்றம் ஆகிவிட்டது என்று சொல்லவில்லை. பார்வையாளன் தயாராகிவிட்டான்.

பிறகு நடந்தவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2006ல் அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியதும் அடுத்த வீட்டில் போய்ப் பார்ப்பது நின்றது. 2011ல் சரவணம்பட்டி மாநகராட்சியில் சேர்ந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள், ஹாஸ்டல்கள், தோட்டங்கள் போன இடத்தில் மனைகள். கருப்பராயன் கல் சில இடங்களில் காம்பவுண்டுச் சுவருக்குள் மாட்டிக்கொண்டது. அதே 2011ல், கருணாநிதியின் நாவலைக் கொண்டு 'பொன்னர் சங்கர்' படம் வந்தது. போர் இருந்தது, குதிரை இருந்தது. எந்தத் தியேட்டரிலும் யாரும் படுகளம் விழுந்ததாக நான் கேள்விப்படவில்லை. பிரெண்டா பெக் தம் சேகரிப்பை 26 பகுதி கொண்ட கார்ட்டூன் தொடராக ஆங்கிலத்திலும் தமிழிலும் செய்தார். நேர்மையான முயற்சி, குழந்தைகளுக்கு நல்லது. 2017ல் 'நந்தினி' வந்தது. பாம்பு, கிராபிக்ஸ், சந்தேகத்துக்கே இடமில்லாத அமானுஷ்யம். 'விடாது கருப்பு' வைத்த தயக்கத்தை அது கழற்றி எறிந்துவிட்டது; ஜனங்களும் பந்தயம் கட்ட ஏதுமில்லாமல் பார்த்தார்கள். 2024 அக்டோபரில் நாகா 'ஐந்தாம் வேதம்' என்ற தொடரை இணையத்தில் கொண்டுவந்தார். அடுத்த மாதம் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தார். ஹாஸ்டல் அறைகளில் பையன்கள் பழைய கருப்பைச் செல்போனில், காதில் கருவி மாட்டிக்கொண்டு, தனித்தனியாகப் பார்க்கிறார்கள். திருநீறு வைத்து அனுப்ப யாரும் தேவைப்படாத தூரம்: கட்டிலிலிருந்து கட்டில்.

சில வருஷங்களுக்கு முன் அன்னூர்ப் பக்கம் ஒரு கோயிலில் அண்ணன்மார் பாட்டு என்று சொல்லிப் போனேன். ஒரே இரவுக்குச் சுருக்கியிருந்தார்கள். மைக் செட். தாமரை தவம் அரை மணி நேரத்தில் முடிந்தது. விடிவதற்கு முன் படுகளத்துக்கு வந்தார்கள். மூன்று பேர் விழுந்தார்கள், அதில் ஒருவன் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்தவன். சுற்றிலும் செல்போன் வெளிச்சம். பூசாரி போனை அணைக்கச் சொன்னார்; இரண்டொருவர் அணைத்தார்கள். துணி போர்த்தினார்கள். கிழவிகள் அழ ஆரம்பித்தார்கள். தீர்த்தச் சொம்பு வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. அதுவரை பாட்டுக்காரர் உடுக்கையை நிறுத்தவில்லை.