பாப்கார்ன், லேசர், ஒரு ராஜினாமா

சின்ன வயசுல சிடி தேயத் தேய நான் பார்த்த இங்கிலீஷ் படம் 'ரியல் ஜீனியஸ்'. 1985 ஆகஸ்டில் வந்தது. இயக்கம் மார்த்தா கூலிட்ஜ், ஹீரோ வால் கில்மர் (2025-ல் காலமானார்). 15 வயசு மேதாவிப் பையன் ஒருத்தன் பசிபிக் டெக் என்ற கற்பனைக் கல்லூரியில் சேர்கிறான். ஹாஸ்டலுக்குள்ளேயே ஐஸ் போட்டு சறுக்குகிறார்கள், வாத்தியார் வீட்டை பாப்கார்னால் நிரப்புகிறார்கள். அப்போ எனக்கு அவ்வளவுதான் படம் :-)

இந்தக் கூத்துக்குப் பின்னாடி நிஜ சரித்திரம் இருக்கு. பசிபிக் டெக்கின் அசல், கலிஃபோர்னியாவில் இருக்கும் கால்டெக். படத்தில் லாஸ்லோ என்பவர் ஒரு பரிசுப் போட்டிக்கு லட்சக்கணக்கில் கூப்பன் அனுப்பி பரிசுகளை அள்ளுவார். 1975-ல் கால்டெக் மாணவர்கள் இதை நிஜமாவே செஞ்சாங்க. மெக்டொனால்ட்ஸ் போட்டி விதியில் 'எத்தனை முறை வேண்டுமானாலும் கலந்துக்கலாம்'னு இருந்தது. விடுவாங்களா? கம்ப்யூட்டரில் சுமார் 12 லட்சம் கூப்பன் அச்சடிச்சுப் போட்டாங்க. கார் உட்பட, ஐந்தில் ஒரு பங்கு பரிசு அவங்களுக்கே!

லேசர் கதைதான் சீரியஸ். 1983 மார்ச் 23-ல் அதிபர் ரீகன், வரும் ஏவுகணைகளை வழியிலேயே அழிக்கும் திட்டத்தை அறிவித்தார். அதுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் 'ஸ்டார் வார்ஸ்'. விண்வெளி லேசர் அதில் ஒரு முக்கியக் கனவு. படத்திலும் பேராசிரியர் பசங்களை விரட்டி விரட்டி 5 மெகாவாட் லேசர் செய்ய வைப்பார். வேலை முடிஞ்சு பசங்க கொண்டாடும்போது லாஸ்லோதான் வந்து கேட்பார், இது எதுக்குப் பயன்படும்னு. அப்போதான் ஆயுதம்னு உறைக்கும்.

அதே 1985 ஜூனில், ரீகன் திட்டத்தின் கம்ப்யூட்டர் ஆலோசனைக் குழுவிலிருந்து ஒருத்தர் ராஜினாமா செய்தார். டேவிட் பார்னாஸ். காலேஜில் நாம படிக்கிற 'இன்ஃபர்மேஷன் ஹைடிங்' அவர் 1972-ல் எழுதியதுதான். குழுவில் சம்பளம் நாளுக்கு 1000 டாலர். ராணுவம்னாலே ஆகாது என்கிற ஆளும் இல்லை. கடற்படைக்கு சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர். அவர் சொன்ன காரணம்: நிஜப் போர் வரும்வரை இந்த சாஃப்ட்வேரை முழுசா டெஸ்ட் பண்ண முடியாது, டெஸ்ட் பண்ணாததை நம்பவும் முடியாது.

ஜூனில் ராஜினாமா, ஆகஸ்டில் படம். ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணு வந்ததில்லை. ஆனா ரெண்டும் கேட்பது ஒரே கேள்வி. பசங்க லேசரைச் செஞ்சு முடிச்சப்புறம் கேட்டாங்க, பார்னாஸ் செய்யும் முன்னாடியே கேட்டார். எங்க தொழிலில் ஸ்பெக் வந்ததும் முதலில் கேட்பது 'எப்போ டெலிவரி?' தான். 'எதுக்கு?' என்பதையும் அன்றைக்கே கேட்டுடணும். எல்லா லேசரையும் பாப்கார்ன் பொரிக்கத் திருப்பிவிட முடியாது.