சேந்தமங்கலம் வந்த துறவியும் மறுபிறவி வினாவும்

எருமப்பட்டியைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஒரு வீட்டில் துயரம் நேர்ந்துவிட்டால், "போன சென்மத்தில் என்ன பாவம் செய்தேனோ" என்னும் சொல் தன்னையறியாமலே நாவில் எழுகிறது. ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்லும் குடும்பங்களிலும் இச்சொல்லைக் கேட்கிறோம். பலருக்கு இது வெறும் பேச்சுவழக்கு. சிலருக்கோ அது உள்ளத்தின் ஆழத்தில் வேரூன்றிய எண்ணம். மறுபிறவி நம்பிக்கையையும் கிறிஸ்தவ விசுவாசத்தையும் ஒருவர் ஒருங்கே கொண்டிருத்தல் கூடுமா என்று படித்தவர்களும் கேட்கின்றனர். கேட்கத்தக்க கேள்விதான். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் தமிழ் மண்ணில் அது எழுப்பப்பட்டு, தமிழிலேயே விடையும் எழுதப்பட்டது.

எருமப்பட்டிக்கு வடக்கே, கொல்லிமலையின் அடிவாரத்தை அடுத்து அமைந்திருப்பது சேந்தமங்கலம். 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்ட இத்தாலியத் துறவி ஒருவர் அங்கு வந்தார். சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்புடன் வரவேற்றார். பின்னர் அவர் சேலம் நோக்கிச் சென்றார். அவரே தத்துவ போதகர் எனத் தமிழ்மக்கள் அழைத்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி. 1577இல் பிறந்த அவர் 1606இல் மதுரை சேர்ந்து, 1656இல் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார்.

தெ நொபிலி இந்நாட்டு மரபுகளை எவ்வளவு மதித்தார் என்பதை நாம் அறிவோம். காவியுடுத்தார், புலால் துறந்தார், தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்றார். பூசை, கோயில், குரு, வேதம் முதலிய சொற்களைத் தயக்கமின்றித் திருமறைக்கு உரியனவாக்கினார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை பற்றி எழுந்த கடும் வழக்கில், சில வரையறைகளுடன் அவற்றுக்கு இசைவளித்துத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி ஆணை பிறப்பித்ததும் அதே 1623ஆம் ஆண்டில்தான். இத்துணை இணங்கிச் சென்றவர் ஓரிடத்தில் மட்டும் உறுதியாக நின்றார். 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்றே தலைப்பிட்டு, மறுபிறவிக் கொள்கையை மறுத்து ஒரு நூல் இயற்றினார். இருபதாம் நூற்றாண்டில் அவருடைய நூல்களைத் தேடியெடுத்துப் பதிப்பித்த அருட்தந்தை ச. இராசமாணிக்கம் சே.ச. அவர்களின் உழைப்பால் அந்நூல் நமக்கு மீண்டும் கிடைத்தது.

உடையிலும் உணவிலும் விட்டுக்கொடுத்தவர் இதில் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? மனிதன் யார் என்ற வினா இதில் அடங்கியிருந்ததே காரணம். கூண்டிற்குள் பறவை அடைபட்டிருப்பதுபோல் உடலுக்குள் ஆன்மா அடைபட்டிருக்கிறது என்னும் உவமையைத் தெ நொபிலி ஏற்கவில்லை. பறவை இருப்பதால் கூண்டு வளர்வதில்லை. ஆனால் ஆன்மாவினாலன்றோ உடல் வளர்கிறது, உணர்கிறது! ஆன்மா உடலுக்கு உயிர்தந்து உருக்கொடுப்பது என்று 1312இல் நிறைவுற்ற வியன் பொதுச்சங்கமும் போதித்திருந்தது. ஆகவே உடல் என்பது மாற்றி அணியும் சட்டையன்று. இந்த உடலும் இந்த ஆன்மாவும் சேர்ந்தவரே இந்த மனிதர். உடலின் உயிர்ப்பை நம் விசுவாச அறிக்கையில் நாம் சொல்வதன் பொருளும் இதுவே.

தொடக்கத் திருச்சபை மறுபிறவியை ஏற்றிருந்தது, பின்னரே அது தடை செய்யப்பட்டது என்று சிலர் எழுதுவதுண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஆன்மா முன்பு பல உடல்களில் வாழ்ந்திருந்தால் அவ்வாழ்வின் நினைவு எங்கே என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித இரேனியுஸ் வினவினார். ஓரிகனின் பெயரோடு இணைந்து 543இலும் 553ஐ ஒட்டியும் கண்டிக்கப்பட்ட கருத்து, ஆன்மாக்கள் உடலெடுக்கும் முன்பே இருந்தன என்பது. அதற்கும் மறுபிறவிக்கும் வேறுபாடு உண்டு. எலியாவின் ஆன்மாவே திருமுழுக்கு யோவானாகப் பிறந்தது என்ற எண்ணத்தை ஓரிகனே தம் மத்தேயு விளக்கவுரையில் மறுக்கிறார். லூக்கா நற்செய்தி, யோவான் எலியாவின் உளப்பாங்கோடு வருவார் என்கிறது (1:17). எலியாவோ உருமாற்றத்தின்போது எலியாவாகவே தோன்றுகிறார் (9:30).

மனிதர் ஒரே முறை இறக்கின்றனர், பின்னர் தீர்ப்பு வருகிறது என்பது எபிரேயர் திருமுகத்தின் போதனை (9:27). இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தில் நம் மண்ணக வாழ்வு ஒரே ஓட்டம் என்றது. 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் மறுபிறவி இல்லை என வெளிப்படையாகவே கூறுகிறது. அப்படியாயின் உத்தரிக்கிற ஸ்தலம் என்ன என்று கேட்கலாம். அது மீண்டும் ஒரு வாழ்வன்று. இறை அன்பில் இறந்தவர் இறைவனின் இரக்கத்தால் தூய்மை பெறுவது. தூய்மை தேவை என்னும் உணர்வில் இரு மரபுகளும் அருகருகே நிற்கின்றன. அது நிறைவேறும் வழியில் பிரிகின்றன.

மறுபிறவியை நம்பும் நம் அயலாரை இகழ்வதற்கு இவற்றில் இடமில்லை. தமிழ்ச் சைவ மரபு பல பிறவிகளை மகிழ்ச்சியாகக் கருதவில்லை. எண்ணற்ற பிறவி எடுத்து இளைத்த உயிரின் ஏக்கத்தையே மாணிக்கவாசகரின் சிவபுராணம் பாடுகிறது. பிறவித்தளை அறவேண்டும், இறைவனோடு ஒன்றவேண்டும் என்பதே அதன் வேட்கை. அவ்வேட்கை நமக்கும் உண்டு. நாம் சொல்வது, அதற்கான விடுதலை பல பிறவிகளின் உழைப்புக்குக் கூலியாக அன்றிக் கிறிஸ்துவில் கொடையாக வருகிறது என்பதே. சிலுவையில் தொங்கிய கள்வனுக்குக் கணக்குத் தீர்க்க மறுபிறவி தரப்படவில்லை; அன்றே பேரின்ப வீடு தரப்பட்டது.

இவ்வினா ஏட்டுக் கல்வியோடு நிற்பதன்று. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டனர். இரண்டும் இல்லை என்றார் ஆண்டவர் (யோவான் 9:3). பிறப்பை வைத்து ஒருவரின் பழியைக் கணக்கிடும் வழக்கம் அவ்விடையால் அடிபட்டுப் போகிறது. முன்வினை என்னும் சொல்லால் ஒடுக்கப்பட்டோரின் தாழ்வுக்கு நியாயம் கற்பிக்கப்பட்ட நாட்டில், இவ்விடை எவ்வளவு பெரிது!

ஆயினும் தெ நொபிலியின் காலத்தில் அது முழுமையாக வாழ்வாகவில்லை. சாதி வழக்கங்களைச் சமூக ஒழுக்கமெனக் கொண்டு, தம்மிடம் வந்தோர் அவற்றைத் தொடர அவர் இசைந்தார். ஒடுக்கப்பட்டோரிடையே பணியாற்றுவதற்கென 1640இல் பல்தசார் த கோஸ்தா பண்டாரசாமியாகத் தனியே புறப்பட நேர்ந்தது. பிறப்புவழி ஏற்றத்தாழ்வு பந்தியிலும் கோயிலிலும் நின்றது. பின்னாளில் நம் கல்லறைகளிலும் அது தொடர்ந்ததை நாம் மறைத்தல் தகாது.

ஆகவே, மறுபிறவி இல்லை என்று நாம் அறிக்கையிடும்போது இரண்டு கடமைகளை ஏற்கிறோம். ஒன்று, எந்தப் பிறப்பையும் தண்டனையாகக் காணாதிருத்தல். மற்றொன்று, அநீதியைச் சரிசெய்ய அடுத்த பிறவிக்குக் காத்திராதிருத்தல். ஊனமுற்ற குழந்தையை மடியில் ஏந்திய தாய் தன் முன்சென்மப் பாவத்தைத் தேடி அழும்போது, அவரிடம் விவாதிக்கச் செல்லவேண்டாம். இது உங்கள் பாவமுமன்று, பிள்ளையின் பாவமுமன்று என்ற ஆண்டவரின் விடையைச் சொல்லி, அவரது சுமையில் ஒரு பங்கை நாம் தாங்குவோம். இந்த ஒரே வாழ்வில் நாம் அவருக்குச் செய்யக்கூடியது அது.