பெயர் ராணியுடையது, மண்டபம் ஊருடையது

சென்னை சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே செங்கல் சிவப்பில் நிற்கிறது விக்டோரியா பப்ளிக் ஹால். அதைப் பழுதுபார்க்க சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 32 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டது. ஏகாதிபத்திய ராணியின் பெயர் தாங்கிய கட்டடத்துக்கு மக்கள் பணமா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. இன்றைய ஆந்திரத்திலுள்ள விஜயநகரம் சமஸ்தானத்தின் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு இதற்கு அடிக்கல் நாட்டியது 1883 டிசம்பர் 17. ராணியின் பொன்விழா வந்ததோ 1887இல். ஊருக்கு ஒரு டவுன் ஹால் வேண்டுமென்று முடிவாகி, கல் நட்டு, 1886இல் பீப்பிள்ஸ் பார்க் நிலத்தில் 57 கிரவுண்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற பிறகுதான் பொன்விழா நினைவாக அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. வரைபடம் கட்டடக் கலைஞர் சிஸோமுடையது என்றாலும், சுவரை எழுப்பியவர் உயர் நீதிமன்றத்தைக் கட்டிய நம்பெருமாள் செட்டியார்.

சமஸ்தானாதிபதிகளும் செல்வந்தர்களும் கொடுத்த நன்கொடையில் எழுந்தது பணக்காரர் மண்டபம்தானே என்று அடுத்து கேட்கலாம். தொடக்கம் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் யார் கட்டினார்கள் என்பதைவிட, உள்ளே என்ன நடந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தம் செயல்திட்டத்தை விளக்கிப் பேசியது இங்கேதான். அதைவிட முக்கியம், 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை என்ற நாடகக் குழு. கூத்தாடி என்று நாடகக்காரரை இளக்காரமாகப் பார்த்த காலத்தில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டி இந்த மேடையில் ஏறினார்கள். தமிழ் நாடகத்துக்கு நகரத்தில் மரியாதை தேடித்தந்த மேடை, பெயர்ப்பலகையில் யார் பெயர் இருந்தாலும் நம்முடையதே.

பழுதுபார்ப்பைச் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் பூசிச் சீக்கிரம் முடித்திருக்கலாமே என்பாரும் உண்டு. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழஞ்சுவர் உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உதிரும். ஆகவே சுண்ணாம்பு ஆடம்பரமல்ல. ஆனால் சுவரைக் காப்பாற்றிவிட்டு மேடையைக் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்தால் பாதி வேலைதான் முடிந்ததாகும். அன்று நகராட்சி நிலத்தைக் கொடுத்தது கிரவுண்டுக்கு எட்டணா வாடகைக்கு. ஊரார் கூடிப் பேசவும் ஆடவும் ஓர் இடம் அமைய வேண்டும் என்பதற்காக. இன்றைய சிறு நாடகக் குழுவும் கட்டக்கூடிய வாடகைக்கு இந்த மேடையை மாநகராட்சி திறந்துவைக்க வேண்டும்.