ஆச்சே தெருவில் ஓர் ஆருடம்

2024 டிசம்பரில் பஷார் அல் அசாத் டமாஸ்கஸை விட்டு ஓடிய வாரம். ஜார்ஜ்டவுன் ஆச்சே தெருப் பக்கம் ஒரு மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் சிரியாவைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். "இனிமே அங்க துருக்கிதான் எல்லாம், பாருங்க" என்றார் ஒரு பெரியவர். "ரஷ்யாக்காரன் சும்மா விடுவானா பாய்?" என்றார் இன்னொருவர். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் தெருவின் பெயர் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தத் தெரு ஆட்சி மாற்றத்தைப் பற்றிப் பேசிய தெரு மட்டும் இல்லை. செய்தும் பார்த்த தெரு.

இங்குள்ள பள்ளிவாசலை 1808இல் எழுப்பியவர் சையத் ஹுசேன் அய்டீட். அரபு வம்சாவளியில் வந்த பெரும் வணிகர். ஆச்சே அரச குடும்பத்தோடு உறவுள்ளவர். கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் வடமுனையில், சுல்தான் ஜவ்ஹர் ஆலமுக்கும் அவருடைய தலைவர்களுக்கும் ஆகவில்லை. 1815இல் சையத் ஹுசேனின் மகன் சைஃபுல் ஆலம் அரியணை ஏறினார். நான்கே வருஷம். 1819 ஏப்ரலில் ராஃபிள்ஸ் பழைய சுல்தானோடு உடன்படிக்கை செய்தார். புது சுல்தானுக்கு ஓய்வூதியம் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த உடன்படிக்கையும் நிலைக்கவில்லை. 1824இல் லண்டனில் பிரிட்டனும் ஹாலந்தும் கடலைக் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டன. ஐந்து வயதுகூட நிரம்பாத ஆச்சே நட்பு செல்லாக்காசானது. 1871இல் இன்னொரு ஒப்பந்தம். சுமத்ராவில் டச்சுக்காரர் என்ன செய்தாலும் பிரிட்டன் கேட்காது. 1873 மார்ச்சில் டச்சுக்காரர் ஆச்சேமீது போர் அறிவித்தார்கள்.

கைவிடப்பட்ட ஆச்சே துருக்கியைப் பார்த்தது. அதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. போர்த்துகீசியரை எதிர்க்க ஆச்சே உதவி கேட்டபோது, 1567இல் ஓட்டோமான் சுல்தான் கப்பற்படை அனுப்ப ஆணையிட்டார். அதற்குள் ஏமனில் கிளர்ச்சி வெடித்தது. ஆச்சேக்கு வரவேண்டிய படை அங்கே திரும்பியது. அரபு நாட்டில் ஓர் ஆட்சி ஆட்டம் கண்டால் நம் கடலில் கப்பல் வராமல் போகும் என்பது அன்றைக்கே தெரிந்துபோன விஷயம்.

இருந்தும் 1873இல் ஹட்ரமவுத்தில் பிறந்த ஹபீப் அப்துர்ரஹ்மான் ஆச்சேயின் தூதராக இஸ்தான்புல் போனார். போர்க்கப்பல்கள் புறப்படப்போவதாக அங்கே ஒரு பத்திரிகை எழுதியது. துருக்கி அரசு மறுத்தது; சமரசம் பேசுகிறோம் என்று மட்டும் சொன்னது. ஹாலந்து அதையும் ஏற்கவில்லை. ஆனால் வதந்திக்கு மறுப்பு எதற்கு? துருக்கி வரும் என்ற பேச்சு நம் துறைமுகங்களில் அடங்கவில்லை.

அதே சமயம் பினாங்கில் எண்மர் குழு ஒன்று ஆச்சேக்காகப் பணம் திரட்டியது, முற்றுகையைத் தாண்டிப் பொருள் அனுப்பியது. ஆச்சேக்காரர் நால்வர், அரபியர் இருவர், மீதி இருவர் பினாங்கிலேயே பிறந்த இந்திய முஸ்லிம்கள். நம்மாளுங்க.

கப்பல் வரவில்லை. 1874 ஜனவரியில் அரண்மனை விழுந்தது. ஊர் திரும்பிப் போரிட்ட ஹபீப் 1878இல் சரணடைந்து, டச்சுக்காரர் தந்த ஓய்வூதியத்தோடு அரேபியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆச்சேயின் கடைசி சுல்தான் பணிந்தது 1903இல்.

அந்த எண்மரை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பேசியதற்கு அவர்கள் கைக்காசையும் போட்டார்கள். நான் ஒரு தே தாரிக்கோடு எழுந்துவிடுகிறவன். என் ஆருடம் பொய்த்தால் எனக்கு ஒன்றும் குறையாது. ஆச்சேக்காரனுக்கு முப்பது வருஷம் போனது.

பக்கத்து மேசையில் இப்போது ஈரானுக்குப் போயிருந்தார்கள். காசை வைத்துவிட்டு வெளியே வந்தேன். டமாஸ்கஸில் இருப்பவர்களுக்கு என்ன வேண்டுமாம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.