செங்காந்தள்

செங்காந்தள் (குளோரியோசா சுபெர்பா) என்பது காட்டோரங்களிலும் புதர்களிலும் படர்ந்து வளரும் ஒரு நச்சுக் கொடியாகும். ஆப்பிரிக்காவும் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவும் இதன் தாயகம். தமிழ்நாட்டின் மாநில மலரும் சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. சங்கப் புலவர்கள் இம்மலரை மகளிர் விரலுக்கு உவமையாகக் கூறினர்.

பெயர்களும் தோற்றமும்

இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கொடியைத் தாங்குகிறது. அலை அலையான ஆறு இதழ்கள் பின்னோக்கி வளைந்திருக்கும். பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, பின் சிவக்கும். கார்த்திகை மாதத்தை ஒட்டி மலர்வதால் கார்த்திகைப்பூ என்பர். கிழங்கு கலப்பை போல் வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் உண்டு; லாங்கலி என்ற வடமொழிப் பெயருக்கும் இதுவே பொருள். கண்வலிக்கிழங்கு என்பது மற்றொரு வழக்குப் பெயர்.

நச்சுத்தன்மை

செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. முதன்மை நஞ்சான கோல்ச்சிசின் உயிரணுப் பிரிவைத் தடுக்கிறது. எனவே விரைந்து பெருகும் உயிரணுக்களைக் கொண்ட குடற்சுவரும் எலும்பு மச்சையும் முதலில் பாதிக்கப்படுகின்றன. சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பின்னர் உறுப்புகள் செயலிழந்து இறப்பு நேரலாம். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரங்களில் முடி உதிர்வதுண்டு. வேகவைத்தாலும் நஞ்சு நீங்காது. இலங்கையில் உண்ணும் கிழங்கென்று தவறாக எண்ணிச் சமைத்து உண்டவர்கள் இறந்துள்ளனர்.

மருத்துவப் பயன்கள்

சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் கிழங்கைச் சுத்தி செய்த பின்னரே பயன்படுத்துவர். மோரிலோ கோமியத்திலோ ஊறவைத்தல் அம்முறைகளுட் சில. மூட்டு வலிக்கு அரைத்துப் பற்றிடுவதும், பேன் ஒழிய இலைச்சாறு பூசுவதும் நாட்டு வழக்கம். மகப்பேற்றைத் தூண்டவும் கருவைக் கலைக்கவும் கிழங்கு பயன்பட்டுள்ளது. இப்பயன்பாடு தாயின் உயிருக்கே ஆபத்தானது.

கீல்வாத வகைகளுள் ஒன்றான கௌட் நோய்க்குக் கோல்ச்சிசின் இன்றும் மருந்தாகும். திடீர் வலிக்கு முதலில் 1.2 மில்லிகிராமும், ஒரு மணி நேரம் கழித்து 0.6 மில்லிகிராமும் தருவர். ஏறத்தாழ 7 மில்லிகிராமிலேயே இறப்பு பதிவாகியுள்ளது. மாத்திரையில் அளவு உறுதி. கிழங்கிலோ அது செடிக்குச் செடி மாறும். ஒருவருக்கு ஒன்றும் செய்யாத துண்டு மற்றொருவரைக் கொல்லக்கூடும் என்பதால் வீட்டு வைத்தியத்துக்கு இது ஏற்றதன்று.

பயிரிடல்

தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடப்படுகிறது. சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கியிருப்பதால் தன்மகரந்தச் சேர்க்கை அரிது. ஆகவே உழவர்கள் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தடவுகின்றனர். விதைகள் மருந்துத் தயாரிப்புக்காக ஏற்றுமதியாகின்றன.