நகையும் மொழியும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்குக் கடைவீதியில் பேரம் பேசும் மொழி சில திங்களிலேயே கைவந்துவிடுகிறது. அலுவலக மொழியும் விரைவில் பழகிவிடும். ஆனால் அண்டை வீட்டார் கூடிச் சிரிக்கும்போது, அதே கணத்தில் அவர்களோடு சேர்ந்து சிரிக்க ஆண்டுகள் பல ஆகின்றன. பொருள் விளங்கிய பிறகு தனியே சிரிப்பதைச் சிரிப்பென்று யார் கொள்வர்? இதன் காரணத்தை நம் பழைய நூல்களின் துணைகொண்டு சற்றே ஆராய்வோம்.

மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்த தொல்காப்பியர் நகைக்கு முதலிடம் தந்தார். பரதரின் நாட்டிய சாத்திரமோ சிருங்காரத்தை முதலில் வைத்து, ஹாசியத்தை அதற்கடுத்து நிறுத்துகிறது. பரதரும் நகைக்குக் காரணங்கள் கூறுகிறார். எனினும் சிரிப்பவர் யார் என்பதில் அவர் கண் செல்கிறது. புன்முறுவல் முதல் உடல் குலுங்கும் சிரிப்பு ஈறாக ஆறு வகை சொல்லி, மென்னகையை உயர்ந்தோர்க்கும் பெருஞ்சிரிப்பைக் கீழோர்க்கும் பங்கிட்டுவிடுகிறார். (நம் கல்யாணப் பந்தல்களில் எழும் சிரிப்பை அவர் எந்த வகையில் சேர்ப்பாரோ!) தொல்காப்பியர் காட்டுவன எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்கள். இவற்றுள் மடன் என்பது நுட்பமானது. பேதைமை வெறும் அறியாமை. மடனோ ஒருவர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை எந்நிலையிலும் விடாமை என்று உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டினர்.

இந்த மடனுக்குப் பரமார்த்த குருவின் சீடர்களைக் காட்டிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை. குருவின் தலைப்பாகை வழியில் விழுந்தது, சீடர்கள் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு கண்டித்தார். குதிரையின் சாணத்தையும் தலைப்பாகையில் ஏந்திக் கொணர்ந்தனர். எடுக்க வேண்டியவை இவை என ஓலையில் எழுதித் தந்தார். குருவே பள்ளத்தில் விழுந்தபோது, ஓலையில் அவர் பெயர் இல்லையென்று நின்றுவிட்டனர்! இக்கதையை எழுதிய வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்து, 18-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர். 1822-ஆம் ஆண்டில் பெஞ்சமின் பாபிங்டன் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் வெளியிட்டார். ஆங்கிலேயரும் சிரித்திருக்கக் கூடியதே. இங்கே நகை செயலில் அமைந்திருக்கிறது. சட்டத்தின் எழுத்தையே கட்டிக்கொண்டு அழுவோர் இல்லாத நாடு எங்கே உள்ளது?

சொல்லில் அமைந்த நகையின் கதி வேறு. 15-ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் ஒப்பிட்டார். பாம்பும் ஆடுகிறது, எள்ளும் செக்கில் ஆடுகிறது. ஆடிய பாம்பு குடத்தில் அடைகிறது. ஆட்டிய எள்ளின் நெய்யும் குடத்தில் அடைகிறது. இந்தியில் இதைச் சொல்லிப் பாருங்கள். கூத்தாடுவதற்கு ‘நாச்னா’ என்றொரு சொல். எண்ணெய் ஆட்டுவதற்குப் ‘பேர்னா’ என்று வேறொரு சொல். பாம்பு ஒரு பக்கமும் எள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து போகின்றன. புலவரின் திறமையில் பாதி அவர் பிறந்த மொழியின் சொத்து.

இடைப்பட்ட நிலையும் ஒன்றுண்டு. தெனாலிராமனுக்குக் காளி அளித்ததாகக் கதை கூறும் ‘விகடகவி’ என்ற பட்டத்தை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. தமிழில், தெலுங்கில், நாகரியில், வங்க எழுத்தில் எழுதினும் அவ்வாறே. நம் நாட்டு எழுத்து முறைகள் மெய்யையும் உயிரையும் சேர்த்து ஓரலகாகக் கொள்வதால் வாய்த்தது இது. உரோமன் எழுத்தில் எழுதித் திருப்பிப் படித்தால் வேடிக்கை மறைந்துவிடும். நகைக்கு எல்லை வகுப்பதில் நெடுங்கணக்குக்கும் பங்குண்டு என்பது வியப்பே.

இச்செய்தி நம்மவர்க்கு வெறும் ஏட்டு ஆராய்ச்சி அன்று. வெளி மாநிலத்தில் பிறந்த நம் குழந்தைகள் தமிழ் பேசுகின்றனர். கேட்டதற்கு விடையும் கூறுகின்றனர். பாட்டி இருபொருள்படச் சொல்லிச் சிரிக்கும்போதோ, ‘அப்படியென்றால் என்ன?’ என்கிறான் பேரன். விளக்கி முடிப்பதற்குள் நகை போய்விடுகிறது. சொல் நாவில் நிற்கும்போதே அதன் இரண்டாம் பொருள் கழன்றுவிடுகிறது. மொழி தேயத் தொடங்குவது அங்கேதான் என்பது நம் கருத்து.

ஆனால் இரு மொழி கூடுமிடத்தில் இழப்பு மட்டுமே நேரும் என்பதற்கில்லை. 1684-இல் தஞ்சையில் பட்டமேறிய மராத்திய மன்னர் சகசியின் பெயரால் வழங்கும் ‘பஞ்சபாஷா விலாச’ நாடகத்தில் தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி, வடமொழி ஆகிய ஐந்தும் ஒரே மேடையில் பேசுகின்றன. அத்தகைய மேடைதான் இன்று வெளி மாநிலத் தமிழர் இல்லமும். இந்தியில் உண்கலத்துக்குத் ‘தாலி’ என்று பெயர். தில்லி வந்த புதிதில் உணவு விடுதிப் பணியாள் ‘எத்தனை தாலி?’ என்று வினவத் திகைத்தவர் நம்முள் பலர். சொந்த ஊரிலுள்ள உறவினர்க்கு இதில் பாதியே சுவைக்கும். தில்லி அண்டை வீட்டார்க்கு அதுவுமில்லை. இரு மொழியும் வழங்கும் வீட்டிலோ, சமையலறையிலிருந்து பேரன், ‘பாட்டி, இரண்டு தாலி கொண்டுவரட்டுமா?’ என்கிறான். பாட்டி பதறுகிறாள். பிறகு அவளும் சிரிக்கிறாள். இம்முறை விளக்கம் சொல்பவன் பேரன்.