பல்லின் கறையும் பாடத்தின் எல்லையும்: காரிமங்கலத்தை முன்வைத்து வீட்டுவழிக் கல்வியில் பொருண்மை அலகு

தர்மபுரி மாவட்டத்தின் பல ஊர்களைப் போலவே காரிமங்கலம் வட்டாரத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உண்டு. அந்த நீரைக் குடித்து வளர்ந்த பலரின் முன்பற்களில் காவி நிறக் கோடுகள் படிந்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. படம் எடுக்கும்போது உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கும் பழக்கம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது என்பதை வெளியூர்க்காரர்கள் எளிதில் அறிய மாட்டார்கள். பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே கற்கும் ஒரு குழந்தை, “தாத்தா பல்லில் கறை இருக்கு, பாட்டிக்கு ஏன் இல்லை?” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டி வேறு மாவட்டத்தில் பிறந்து, வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். நிலைத்த பற்களின் எனாமல் பெரும்பாலும் எட்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அந்த ஆண்டுகளில் குடித்த தண்ணீர்தான் பல்லில் பதிகிறது. இருபது வயதில் வந்து இதே கிணற்று நீரைக் குடித்தவருக்குப் பல்லில் கறை ஏறுவதில்லை.

இந்த ஒரு கேள்வியிலிருந்து இரண்டு மாதப் படிப்பை எழுப்ப முடியும். ஒரு பொருளை நடுவில் வைத்து மொழி, கணக்கு, அறிவியல், வரலாறு ஆகியவற்றை அதைச் சுற்றி அமைக்கும் முறையை இங்கே ‘பொருண்மை அலகு’ என்கிறேன். நம் பள்ளித் தமிழ்ப் பாடநூல்கள் இயல்களை மொழி, இயற்கை, பண்பாடு, கல்வி என்று பிரித்து, அவற்றைப் ‘பொருண்மை’ என்றே குறிப்பிடுகின்றன. ஆனால் அங்கே பொருண்மை தமிழ்ப் பாடத்தின் வேலிக்குள் நின்றுவிடுகிறது. வீட்டில் அந்த வேலி தேவையில்லை. வேலியை எடுப்பது மட்டும் போதுமா என்பதே என் கேள்வி. போதாது என்பது என் வாதம். அலகின் நடுவே இருப்பது வெறும் பெயரா, விடை தேடும் கேள்வியா என்பதைப் பொறுத்தே அதன் தரம் அமைகிறது. அந்தக் கேள்வி குழந்தையை வீட்டைவிட்டு எவ்வளவு தூரம் அழைத்துப்போகிறது என்பது அதைவிட முக்கியம்.

‘மாம்பழம்’ என்று ஓர் அலகு எடுத்துக்கொள்ளலாம். இந்த வட்டாரத்துக்குப் பொருத்தமான தலைப்புதான். குழந்தை மாம்பழம் வரையும், கொட்டைகளை எண்ணும், மாம்பழத்தைப் பற்றி ஒரு பாட்டுப் பாடும், முக்கனிகளில் ஒன்று என்று எழுதும். எல்லாப் பாடமும் மாம்பழத்தைத் தொட்டுவிடும். எந்தப் பாடமும் இன்னொரு பாடத்துக்குத் தேவைப்படாது. கொட்டையை எண்ணாமல் விட்டாலும் பாட்டுக்கு ஒன்றும் குறையாது. இதை ஒருங்கிணைப்பு என்பது கதம்பத்தை ஒரே பூ என்பது போன்றது.

பல்லின் கறை அப்படி விடாது. எட்டு வயது வரை எந்த ஊர்த் தண்ணீர் குடித்தீர்கள் என்று தெருவில் விசாரித்துப் பட்டியலிட்டால்தான் தாத்தா, பாட்டி புதிர் அவிழும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆயிரம் லிட்டர் தொட்டியில் அது வெறும் ஒன்றரை கிராம். இவ்வளவு சிறிய அளவு பல்லைக் கறைப்படுத்துமா என்ற வியப்பில் தசமப் புள்ளி உயிர்பெறுகிறது. தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடுமே என்று குழந்தை கேட்கும். ஒரு லிட்டரைப் பாதியாகச் சுண்டவைத்தால் ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கும், அடர்த்தி இரட்டிப்பாகும் என்பது கணக்கும் வேதியியலும் சேர்ந்து தரும் விடை. ஃபுளோரைடு எங்கிருந்து வந்தது? பாறையிலிருந்து. போர்வெல் ஆழமாகப் போகப் போக, நெடுங்காலம் பாறையோடு கிடந்த நீர் மேலே வருகிறது. அதற்கு என்ன செய்தார்கள்? படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடைப் படியவைக்கும் முறை தெலங்கானாவின் நல்கொண்டா பெயரால் வழங்குகிறது. அங்கும் இதே துன்பம். இங்கே கர்நாடகத்திலிருந்து வரும் காவிரியின் நீரைக் கொண்டு, ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. தாத்தாவின் பல்லிலிருந்து காவிரிக்கும் கர்நாடகத்துக்கும் ஜப்பானுக்கும் குழந்தை போய்வந்துவிட்டது. தமிழ்ப் பாடம் எங்கே என்றால், விசாரித்தவற்றைக் கோவையாக எழுதுவதிலும், பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுவதிலும் இருக்கிறது. தண்ணீர்க் கவிதை ஒன்றை வலிந்து சேர்க்க வேண்டியதில்லை.

இத்தகைய படிப்புக்கு நல்ல முன்மாதிரி அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளி. அங்கே குழந்தைகள் பஞ்சிலிருந்து கொட்டையைக் கையால் பிரித்துப் பார்த்தார்கள். அரை மணி நேரம் உழைத்தும் ஓர் அவுன்ஸ் பஞ்சுகூடத் தேறவில்லை. கம்பளி உடை முந்தியும் பருத்தி உடை பிந்தியும் பரவியது ஏன் என்ற வரலாற்றுக் கேள்விக்கு அவர்களின் விரல்களே விடை சொல்லின. 1937 அக்டோபர் வார்தா மாநாட்டில் வடிவம் பெற்ற காந்தியின் ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்தது. அதன் நோக்கத்தில் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் எல்லாப் பாடத்தையும் தக்ளி என்னும் நூல் நூற்கும் கதிரோடு இணைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் வந்த இடங்களில், இணைப்பே குறிக்கோளாகி, கேள்வி காணாமல் போயிற்று.

அலகுக்குள் அடங்காதவையும் உண்டு. வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் படிப்படியாக, நாள்தோறும், பொருண்மை எதுவானாலும் தனியே நடக்க வேண்டும். திண்ணைப் பள்ளிகள் எண்சுவடியை மனனம் செய்வித்த முறையை இன்று அப்படியே பின்பற்ற முடியாது. எனினும் தொடர்ச்சியின் அருமை அவற்றுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் கற்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1790களில் இந்த வட்டாரத்தை உள்ளடக்கிய பாராமகாலின் நிலவரி அலுவலராகத் தர்மபுரியில் இருந்த தாமஸ் மன்றோ, பின்னர் சென்னை ஆளுநராகி 1822இல் கல்வி நிலையைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். சென்னை நகரில் மட்டும் வீட்டில் கற்போர் பள்ளியில் கற்போரைவிட ஐந்து மடங்குக்கும் மேல் என்று கணக்கு வந்தது. அதில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார்.

இன்றைய நிலையில் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் வீட்டுவழிக் கல்வியைப் பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. பன்னிரண்டரை வயது நிறைந்தவர் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அந்த வயதை நெருங்கும் ஆண்டில் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடுபட்டவற்றை நிரப்பத்தான் வேண்டும். அதை இந்த முறையின் தோல்வி என்று நான் கருதவில்லை.

கடுமையான எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வர வேண்டும். வீட்டுத் தொழிலையும் ஊர்ச் சூழலையும் பாடமாக்கலாம் என்று தமிழ்நாட்டில் எவர் சொன்னாலும் 1953 நினைவுக்கு வர வேண்டும். பள்ளியில் பாதி நேரம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற ராஜாஜியின் திட்டத்தைப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் குலக்கல்வி என்று அழைத்து எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. குயவரின் பிள்ளைக்குப் பானை ‘பொருண்மை’ ஆவதும் அதிகாரியின் பிள்ளைக்குப் பானை ‘பொருண்மை’ ஆவதும் ஒன்றல்ல. அதிகாரியின் பிள்ளை பானையிலிருந்து வேறிடம் போவது உறுதி. குயவரின் பிள்ளையைப் பானை பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவேதான் பொருள் வீட்டில் தொடங்கலாம், வீட்டில் முடியக் கூடாது என்கிறேன். காரிமங்கலம் சந்தைக்குத் தேங்காய் கொண்டுவரும் விவசாயியின் மகளுக்கு, தேங்காய் பற்றிய அலகு மட்டை உரிப்பதில் நிற்காமல் விலையை நிர்ணயிப்பவர் யார் என்ற கேள்விவரை போக வேண்டும்.

இந்த மாவட்டத்திலேயே இதற்கு நடைமுறைச் சான்று உண்டு. கட்டடக் கலை பயின்ற மீனாட்சி உமேஷ் 1990களில் நாகர்கூடலில் வறண்ட நிலத்தில் குடியேறினார். தம் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுத் தொடங்கிய முயற்சியே புவிதம் என்ற கற்றல் மையமாக வளர்ந்தது. சூரியன், மண், நீர், காற்று போன்ற இயற்கைக் கூறுகளைச் சுற்றி அங்கே பாடங்கள் அமைந்தன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள். பிழைப்புக்காக நகரங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு விடுதியும் உருவானது. வீட்டில் இருந்து கற்பிக்கப் பெற்றோரில் ஒருவருக்காவது நேரம் வேண்டும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போகும் குடும்பங்களிடம் அந்த நேரம் இல்லை. புவிதம் தன் கதவைத் திறந்ததை நான் கருணைச் செயலாக மட்டும் பார்க்கவில்லை. இந்தக் கற்றல் முறைக்கே அது தேவைப்பட்டது. பல்லின் கறைக்கு விடை காணக் குறைந்தது முப்பது வீடுகளிலாவது விசாரிக்க வேண்டும். இங்கேயே பிறந்தவர், வெளியூரிலிருந்து வந்தவர், கூலிக்குப் போய்த் திரும்பியவர் என எல்லோரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். அந்த வீடுகளுக்குள் நுழையவும், திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்களைப் பேசவைக்கவும், வீட்டில் படிக்கும் ஒற்றைப் பிள்ளைக்குத் தெருப் பிள்ளைகள் துணை வேண்டும்.